எளிய திரவத்துக்குள் மூலக்கூறுகள் எப்படி அமைந்திருக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரவ அமைப்பைக் கணக்கில் பிடிக்கும் மாதிரிகளைப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் தடுக்கி நிற்கிறார்கள். அந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். எண்கள் பெரும்பாலும் திரவ ஆர்கானுக்கு உரியவை. இந்தத் துறையில் எந்தப் புதுக் கோட்பாட்டையும் முதலில் உரசிப் பார்க்கும் பொருள் அதுதான்.

திரவத்துல மூலக்கூறு எல்லாம் கண்டபடி அலையுது. அதுக்கு எப்படி "அமைப்பு"ன்னு ஒண்ணு இருக்க முடியும்?

கண்டபடி அலைந்தாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழைய முடியாது. ஆர்கான் 87.3 கெல்வினில் கொதிக்கிறது. அந்த நிலையில் திரவத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.40 கிராம். கணக்குப் போட்டால் ஒரு கன ஆங்ஸ்ட்ராமுக்கு 0.021 அணு, அதாவது ஓர் அணுவின் பங்குக்கு 47.5 கன ஆங்ஸ்ட்ராம் இடம். அதைக் கனசதுரமாக்கினால் பக்கம் 3.6 ஆங்ஸ்ட்ராம். அணுவின் விட்டமே ஏறக்குறைய 3.4 ஆங்ஸ்ட்ராம்.

இவ்வளவு நெருக்கடியில் ஓர் அணு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், அதன் பக்கத்து அணுக்கள் எங்கே இருக்க முடியாது என்பதும் தெரிந்துவிடும். இடம் மாறிக்கொண்டே இருந்தாலும் சராசரியில் நிலைத்து நிற்கும் இந்தக் கட்டுப்பாட்டைத்தான் திரவத்தின் அமைப்பு என்கிறோம். படிகத்தில் ஒழுங்கு முடிவில்லாமல் நீளும். திரவத்தில் நாலைந்து விட்டத் தொலைவுக்குள் அது கரைந்துவிடும்.

"எளிய" பாய்மம்னா எது? தண்ணி எளியது இல்லையா?

இரண்டு மூலக்கூறுகளுக்கு இடையிலான விசை அவற்றின் தூரத்தை மட்டும் பொறுத்தது, திசையைப் பொறுத்ததில்லை என்று கொள்ளக்கூடிய பாய்மமே எளியது. ஆர்கான், கிரிப்டான், செனான் ஆகியவை இதில் சேரும். மீத்தேன் மூலக்கூறு உருண்டை வடிவத்துக்கு அருகில் இருப்பதால் அதையும் சேர்க்கலாம்.

தண்ணீர் இதில் சேராது. ஹைட்ரஜன் பிணைப்பு திசை பார்க்கும். அதனால் ஒரு தண்ணீர் மூலக்கூறைச் சுற்றி நாலைந்து அண்டைகள்தான் நெருங்கி நிற்கின்றன. ஆக்சிஜன்களுக்கு இடையே முதல் உச்சி 2.8 ஆங்ஸ்ட்ராமிலும் இரண்டாவது 4.5 ஆங்ஸ்ட்ராமிலும் வரும், விகிதம் 1.6. ஆர்கானில் அதே விகிதம் ஏறக்குறைய 1.9. இந்த ஒரு விகிதத்தை வைத்தே திரவம் எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

ஆரப் பரவல் சார்பு வரைபடத்தை எப்படிப் படிக்கணும்?

ஓர் அணுவை மையமாக வையுங்கள். குறிப்பிட்ட தூரத்தில் மெல்லிய ஓடு ஒன்றை வரைந்து, அதற்குள் இருக்கும் அணுக்களைச் சராசரியாக எண்ணுங்கள். அணுக்கள் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் சிதறிக் கிடந்தால் அந்த ஓட்டில் எத்தனை இருக்குமோ, அதால் வகுங்கள். கிடைப்பதுதான் ஆரப் பரவல் சார்பு. இனி அதை "ஜி" என்றே சுருக்கிச் சொல்கிறோம். ஜி 1 என்றால் அந்தத் தூரத்தில் விருப்பும் இல்லை, விலக்கும் இல்லை. 3 என்றால் மூன்று மடங்கு கூட்டம்.

மும்மைப் புள்ளியை (திடம், திரவம், வாயு மூன்றும் ஒன்றாக நிற்கும் நிலை, 83.8 கெல்வின்) ஒட்டிய திரவ ஆர்கானில் 3 ஆங்ஸ்ட்ராமுக்குள் ஜி சுழியம். பிறகு செங்குத்தாக ஏறி 3.7-இல் ஏறக்குறைய 3 என்ற உச்சியைத் தொடும். 5.2 ஆங்ஸ்ட்ராம் அருகே 0.6 வரை இறங்கும். அடுத்த உச்சிகள் 7.0, 10.4 ஆங்ஸ்ட்ராம் பக்கம். அதற்கு அப்பால் அலை சிறுத்துக்கொண்டே போய் 1-இல் படிந்துவிடும்.

ஓர் அணுவுக்கு அண்டை எத்தனை? ஒரு புத்தகத்துல 12, இன்னொண்ணுல 10-ன்னு இருக்கே?

ஜி-யை எண் அடர்த்தியாலும் தூரத்தின் வர்க்கத்தாலும் 4π-யாலும் பெருக்கி, முதல் பள்ளம் வரை தொகையிட்டால் அண்டை எண்ணிக்கை வரும். மும்மைப் புள்ளி அருகே ஆர்கானுக்கு இது 12 முதல் 13. முதல் உச்சியின் இடப்புறச் சரிவை அப்படியே வலப்புறம் மடித்து எண்ணுபவர்களுக்கு எண்ணிக்கை குறையும். இரண்டும் தப்பில்லை, வரையறை வேறு.

எங்கே வெட்டுகிறோம் என்பதையும் பாருங்கள். பள்ளத்தில் ஜி 0.6 என்று கொண்டு, வெட்டும் இடத்தை 0.3 ஆங்ஸ்ட்ராம் தள்ளினால் எண்ணிக்கை 1.3 மாறும். எனவே அண்டை எண்ணிக்கையைத் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு எழுதுவதில் பொருளில்லை. வெட்டிய தூரத்தைக் கூடவே எழுதாத எண்ணை ஒப்பிடவும் முடியாது.

கடினக் கோள மாதிரியில கவர்ச்சி விசையே கிடையாது. அது எப்படி நிஜத் திரவத்துக்குப் பொருந்தும்?

இந்தத் துறையின் மையமான செய்தியே இதுதான். அடர்ந்த திரவத்தில் ஓர் அணுவை எல்லாப் பக்கமும் அண்டைகள் இழுக்கின்றன. இழுப்புகள் பெருமளவு ஒன்றையொன்று சமன்செய்துவிடும். மிஞ்சுவது, நெருங்கினால் சட்டென எழும் விலக்கு விசை. ஆகவே அணுக்கள் எப்படி அடுக்கி நிற்கும் என்பதை விலக்கு தீர்மானிக்கிறது, எவ்வளவு அடர்த்தியாக நிற்கும் என்பதைக் கவர்ச்சி தீர்மானிக்கிறது. வான் டெர் வால்ஸ் 1873-இல் எழுதிய சமன்பாட்டிலேயே இந்தப் பிரிவினை இருக்கிறது. 1967-இல் பார்க்கரும் ஹெண்டர்சனும், 1971-இல் வீக்ஸ், சாண்ட்லர், ஆண்டர்சன் மூவரும் அதைத் துல்லியமான கணக்காக்கினார்கள்.

பயன்படுத்தும்போது கோளத்தின் விட்டத்தைச் சரியாக எடுக்க வேண்டும். லென்னார்ட்-ஜோன்ஸ் மாதிரியின் (இரு அணுக்களின் ஆற்றல் தூரத்தோடு எப்படி மாறுகிறது என்று சொல்லும் எளிய சூத்திரம்) நீள அளவு ஆர்கானுக்கு 3.405 ஆங்ஸ்ட்ராம். அதையே விட்டமாக வைத்தால் கொதிநிலையில் அடைப்புப் பின்னம் (கோளங்கள் அடைத்திருக்கும் கனஅளவின் பங்கு) 0.435 வரும். வெப்பம் ஏறினால் அணுக்கள் இன்னும் ஆழமாக மோதும், எனவே பயனுறு விட்டம் கொஞ்சம் சுருங்கும். இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டு வெவ்வேறு வெப்பநிலைகளை ஒரே விட்டத்தால் ஒப்பிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு.

எச்சரிக்கை ஒன்று. அடர்த்தி குறைந்த வாயுவில் இந்த வாதம் செல்லாது. அங்கே சமன்செய்ய அண்டைகளே இல்லை, எனவே கவர்ச்சிதான் முதல் உச்சியைத் தருகிறது.

கடினக் கோளங்களோட அழுத்தத்துக்கு நம்பகமான சூத்திரம் எது?

கார்னஹன், ஸ்டார்லிங் இருவரும் 1969-இல் தந்தது. அடைப்புப் பின்னத்தை "ப" என்று வைத்தால், நல்லியல்பு வாயுவின் அழுத்தத்தைவிட இதன் அழுத்தம் (1 + ப + ப² − ப³) ÷ (1 − ப)³ மடங்கு. உறையும் அடர்த்தி வரை கணினிக் கணக்கோடு நன்றாக ஒத்துப்போகிறது.

அது பிறந்த விதம் அழகானது. அழுத்தத்தை ப-வின் அடுக்குத் தொடராக எழுதினால் குணகங்கள் 4, 10, 18.36, 28.22, 39.8 என்று வரும். இவற்றை முழு எண்ணாக்கி 4, 10, 18, 28, 40 என்று வைத்தால், ஒவ்வொன்றும் வரிசை எண்ணின் வர்க்கத்தோடு அதன் மும்மடங்கைக் கூட்டியதாக அமைகிறது. அந்தத் தொடரை முடிவிலி வரை கூட்டினால் மேலே உள்ள சூத்திரம். கடுமையான நிரூபணம் கிடையாது, ஆனால் இதை வீழ்த்துவது கடினம்.

ஆர்ன்ஸ்டைன்-செர்னிகே சமன்பாடு என்ன சொல்லுது? "நேரடித் தொடர்பு"ன்னா புரியவே இல்லை.

இரண்டு அணுக்களுக்கு இடையே தெரியும் மொத்தத் தொடர்பு (ஜி-யிலிருந்து 1-ஐக் கழித்தது) இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, முதலாவது அணு இரண்டாவதை நேரே பாதிப்பது. மற்றது, முதலாவது மூன்றாவது ஒன்றைப் பாதித்து, அது நேராகவோ இன்னும் பல அணுக்கள் வழியாகவோ இரண்டாவதை எட்டுவது. 1914-இல் ஆர்ன்ஸ்டைனும் செர்னிகேயும் இதை ஒரே வரியில் எழுதினார்கள்: மொத்தம் = நேரடி + அடர்த்தி × (நேரடியையும் மொத்தத்தையும் மூன்றாம் அணுவின் எல்லா இடங்களுக்கும் சேர்த்துத் தொகையிட்டது).

நேரடித் தொடர்பைத் தனியாக அளக்க முடியாது. இந்தச் சமன்பாடே அதன் வரையறை. அப்படிப் பிரிப்பதன் லாபம், நேரடித் தொடர்பு குட்டையானது என்பது. பொதுவாக அது விசையின் வீச்சளவுக்குத்தான் நீளும். நீண்ட அலைகளெல்லாம் தொகையிடலில் தானாக வந்துவிடும். ஆனால் தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று. இரண்டாவது உறவை நாம்தான் கொடுக்க வேண்டும். அதற்கு மூடல் உறவு என்று பெயர்.

பெர்க்கஸ்-யெவிக்கா, மிகைவலைச் சங்கிலியா? எதை எடுக்கிறது?

இரண்டும் மேலே சொன்ன மூடல் உறவுகள். விலக்கு கடினமாகவும் வீச்சு குட்டையாகவும் இருந்தால் பெர்க்கஸ்-யெவிக் (1958). மின்னூட்டம் கொண்ட துகள்கள், பிளாஸ்மா, உப்புக் கரைசல்போல விசை நெடுந்தூரம் நீண்டால் மிகைவலைச் சங்கிலி. கடினக் கோளங்களுக்குப் பெர்க்கஸ்-யெவிக்கைத் தாளிலேயே தீர்த்துவிடலாம். வெர்த்தைமும் தீலேயும் 1963-இல் தனித்தனியாக அதைச் செய்தார்கள். ஒற்றைப் பரிமாணத்தில் வரிசையாக நிற்கும் கடினத் தண்டுகளுக்கு இது தோராயம்கூட இல்லை, மிகச் சரியான விடை. உங்கள் நிரலைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

குறைகளும் தெரிந்தவை. கடினக் கோளங்கள் தொட்டுக்கொள்ளும் தூரத்தில் பெர்க்கஸ்-யெவிக் ஜி-யைக் குறைத்துக் காட்டும், மிகைவலைச் சங்கிலி கூட்டிக் காட்டும். ப = 0.49 என்றால் பெர்க்கஸ்-யெவிக் 4.79 தருகிறது. கார்னஹன்-ஸ்டார்லிங் வழியில் வருவது 5.69. இரண்டு மூடல்களையும் தூரத்துக்கேற்பக் கலந்து, அடுத்த கேள்வியில் வரும் முரண் மறையும்படி கலவையைத் திருத்தும் ரோஜர்ஸ்-யங் முறை (1984) விலக்கு மட்டுமே உள்ள பாய்மங்களுக்கு நல்ல தேர்வு.

ஒரே ஜி-யிலிருந்து அழுத்தத்தை ரெண்டு வழியில கணக்குப் போட்டேன். ரெண்டு விடை வருது. நிரல்ல பிழையா?

பிழை இல்லாமலும் இருக்கலாம். தோராயமான மூடலோடு கணக்கிட்டால் இரண்டு விடை வருவது இயல்பு. விசை வழி (வைரியல்) தொடும் தூரத்து மதிப்பைப் பார்க்கிறது. அமுக்கத்தகவு (அழுத்தினால் எவ்வளவு சுருங்கும் என்ற அளவு) வழி ஜி-யின் முழுப் பரப்பையும் பார்க்கிறது. ஜி சரியாக இருந்தால் மட்டுமே இரண்டும் ஒத்துப்போகும். ப = 0.49-இல் பெர்க்கஸ்-யெவிக் விசை வழியில் 10.4 மடங்கும், அமுக்கத்தகவு வழியில் 13.0 மடங்கும் தருகிறது. கார்னஹன்-ஸ்டார்லிங் விடை 12.2. முதலாவதில் மூன்றில் ஒரு பங்கும் இரண்டாவதில் மூன்றில் இரண்டு பங்கும் எடுத்துக் கூட்டினால் அதே சூத்திரம் அப்படியே வந்துவிடும்.

உங்கள் இரு விடைகளும் இந்த எண்களோடு பொருந்தினால் நிரல் சரி. ப = 0.05 போன்ற தாழ்ந்த அடர்த்தியிலேயே விடைகள் கண்ணுக்குத் தெரியும்படி பிரிந்தால் பிழை உங்கள் பக்கம்.

சமன்பாட்டைக் கணினியில தீர்க்கும்போது விடை வெடிச்சுப் போகுது. என்ன செய்யலாம்?

நடைமுறையில் தேறும் வழி இது. 2048 புள்ளிகள், இடைவெளி 0.01 விட்டம். மொத்தத் தொடர்பிலிருந்து நேரடியைக் கழித்ததைச் சுழியமாக வைத்துத் தொடங்குங்கள். மூடல் உறவால் நேரடித் தொடர்பைப் பெற்று, ஃபூரியே மாற்றம் செய்து, ஆர்ன்ஸ்டைன்-செர்னிகேயால் புதிய வேறுபாட்டைக் கண்டு, திரும்ப மாற்றுங்கள். புதிய விடையை முழுதாக ஏற்காமல் பத்தில் ஒரு பங்கு மட்டும் பழையதில் கலந்து மறுசுற்றுக்குப் போங்கள். அடர்த்தியை ஒரே தாவலில் ஏற்றாதீர்கள். தாழ்ந்த அடர்த்தியின் விடையை அடுத்த அடர்த்திக்குத் தொடக்கமாக்கிப் படிப்படியாக ஏறுங்கள்.

அப்படியும் வெடித்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். தூர இடைவெளியும் அலையெண் இடைவெளியும் பெருக்கினால் π ÷ புள்ளி எண்ணிக்கை வர வேண்டும். முன்னோக்கிய மாற்றத்தில் 4π-யும் திரும்பும் மாற்றத்தில் 1 ÷ 2π²-உம் விடுபட்டிருக்கக் கூடாது. 1-இலிருந்து (அடர்த்தி × நேரடித் தொடர்பின் ஃபூரியே மாற்றம்) கழித்தது எந்த அலையெண்ணிலும் சுழியத்தைத் தொடக் கூடாது. தொட்டால் கலவைப் பங்கைக் குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நீங்கள் வாயு-திரவம் பிரியும் பகுதிக்குள் நுழைந்திருக்கலாம். அங்கே சில மூடல்களுக்குத் தீர்வே இல்லை.

சிமுலேஷன்ல ஜி எடுக்கிற சரியான படிகள் என்ன?

ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான் 1964-இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் (பெயர் ஒற்றுமை தற்செயல்) 864 ஆர்கான் அணுக்களை 94.4 கெல்வினில் கணினியில் ஓடவிட்டார். அந்த அளவே இன்றும் பயிற்சிக்குப் போதும். பெட்டியின் பக்கம் ஏறக்குறைய 35 ஆங்ஸ்ட்ராம், லென்னார்ட்-ஜோன்ஸ் ஆற்றல் பள்ளத்தின் ஆழ அளவு (வெப்பநிலை அலகில்) 119.8 கெல்வின், காலப்படி 10 ஃபெம்டோ விநாடி.

படிக ஒழுங்கில் தொடங்கினால் முதலில் நன்றாக உருக்குங்கள். ஆற்றலும் அழுத்தமும் ஒரு பக்கமாக நகர்வது நின்ற பிறகே எண்ணத் தொடங்குங்கள். பெட்டியின் நகல்கள் எல்லாப் பக்கமும் அடுக்கியிருப்பதாகக் கொண்டு, ஒவ்வொரு இணையின் தூரத்தையும் மிக அருகிலுள்ள பிம்பத்துக்கு (நகலுக்கு) எடுத்து, 0.05 ஆங்ஸ்ட்ராம் அகலக் கட்டங்களில் போடுங்கள். பெட்டியின் பாதிப் பக்கத்தோடு, அதாவது 17 ஆங்ஸ்ட்ராமோடு நிறுத்திவிடுங்கள். அதைத் தாண்டினால் ஓடு பெட்டிக்கு வெளியே போய் ஜி பொய்யாகச் சரியும். இணையை ஒருமுறை மட்டும் எண்ணியிருந்தால் இரண்டால் பெருக்குங்கள். இதை மறந்தவர்களுக்கு ஜி 1-இல் நிற்காமல் 0.5-இல் நிற்கும்.

விசையை 2.5 விட்டத்தில் வெட்டுவது வழக்கம். ஜி-யை அது அதிகம் பாதிக்காது, ஆனால் ஆற்றலில் ஓர் அணுவுக்கு ஆழ அளவில் 0.45 மடங்கு விடுபடும். மொத்தம் ஏறக்குறைய 6 மடங்கு என்பதால் இது சிறிதல்ல. வால் திருத்தத்தை (வெட்டிய பகுதியின் பங்கை) கூட்டாமல் சோதனை எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

ரெண்டாவது உச்சியில ஒரு பிளவு தெரியுது. அது என்ன அறிகுறி?

எந்த இடத்தில் என்று பாருங்கள். முதல் உச்சித் தூரத்தின் 1.41 மடங்கில் மேடு எழுந்தால் முகமையக் கனசதுரப் படிகம் இருக்கிறது. ஒன்று சரியாக உருகவில்லை, அல்லது உறையத் தொடங்கிவிட்டது. ஏறக்குறைய 1.73, 2 என்ற இரண்டு மடங்குகளில் உச்சி பிளந்திருந்தால் அது கண்ணாடிநிலை. பெர்னால் என்ற ஆய்வாளர் பால் பேரிங் குண்டுகளைக் கண்டபடி கொட்டி அடைத்துத் திரவத்துக்கு மாதிரி செய்ய முயன்றபோது கிடைத்த அடுக்கும் இவ்வகைதான். நல்ல சமநிலைத் திரவத்தில் இரண்டாவது உச்சி வழவழப்பாக, பிளவின்றி இருக்கும்.

சோதனையில கட்டமைப்புக் காரணிதானே கிடைக்குது. அதோட முதல் உச்சியிலிருந்து 2π போட்டு அண்டை தூரத்தை எடுத்துடலாமா?

கூடாது. கட்டமைப்புக் காரணி என்பது நியூட்ரான் போன்ற கதிர்கள் எந்த அலையெண்ணில் எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் சார்பு. திரவ ஆர்கானில் அதன் முதல் உச்சி ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு 2.0 என்ற அலையெண்ணில் வருகிறது. 2π-யை அதால் வகுத்தால் 3.14 ஆங்ஸ்ட்ராம். உண்மையான அண்டை தூரம் 3.7. அந்தச் சூத்திரம் இணைத் தளங்களுக்கானது, கோள ஓடுகளுக்கு அல்ல. ஏறக்குறைய 1.2 மடங்கு பெருக்கினால் ஒப்பேறும், ஆனால் முறையாகச் செய்ய முழுச் சார்பையும் ஃபூரியே மாற்றம் செய்ய வேண்டும்.

அங்கேயும் ஒரு கண்ணி. அளவீடு ஏதோ ஓர் அலையெண்ணில் நின்றுவிடும். யார்னெல் குழு 1973-இல் ஆர்கான்-36 ஐசோடோப்பை வைத்து 85 கெல்வினில் செய்த நியூட்ரான் அளவீடு 9 வரை போனது. அப்படி வெட்டியதால் ஜி-யில் 2π ÷ 9, அதாவது 0.7 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் பொய் அலைகள் வரும். அணுக்கள் நுழையவே முடியாத 3 ஆங்ஸ்ட்ராமுக்குள் உங்கள் ஜி ஆடினால் அந்த ஆட்டத்தின் அளவே உங்கள் பிழையின் அளவு.

ஜி-யோட மடக்கையை எடுத்து மைனஸ் வெப்ப ஆற்றலால பெருக்கினா இணை விசையோட ஆற்றல் வந்துடும்தானே?

வாயுவில் வரும், திரவத்தில் வராது. திரவத்தில் கிடைப்பது மற்ற எல்லா அணுக்களின் பாதிப்பையும் சேர்த்த சராசரி விசையின் ஆற்றல். 5.2 ஆங்ஸ்ட்ராமில் ஜி 0.6 என்பதால் 85 கெல்வினில் இந்த வழியில் +43 கெல்வின் விலக்கு வருகிறது. லென்னார்ட்-ஜோன்ஸ் ஆற்றலோ அதே இடத்தில் −35 கெல்வின், கவர்ச்சி. குறியே மாறிவிட்டது.

இணை ஆற்றல் மட்டுமே உள்ள பாய்மத்தில், குறிப்பிட்ட அடர்த்தியிலும் வெப்பநிலையிலும் ஒரு ஜி-க்கு ஒரே இணை ஆற்றல்தான் உண்டு என்று ஹெண்டர்சன் (பார்க்கரோடு வந்தவர் அல்ல, வேறொருவர்) 1974-இல் காட்டினார். ஆனால் மிக வேறுபட்ட ஆற்றல்களும் ஏறக்குறைய ஒரே ஜி-யைத் தரும். காரணம் கடினக் கோளக் கேள்வியின் பதிலில் இருக்கிறது. ஆர்கானிலேயே தனித்த இரு அணுக்களின் ஆழம் 143 கெல்வின் பக்கம். 119.8 என்பது மூவணு விசைகளையும் உள்ளடக்கிய பயனுறு எண். எனவே ஜி பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்து விசை கிடைத்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். அழுத்தத்தையும் ஆற்றலையும் கூடவே சோதியுங்கள்.

கவர்ச்சியே இல்லாத கோளங்கள் உறையுமா? பெர்க்கஸ்-யெவிக்ல உறைதல் தெரியலையே?

உறையும். 1957-இல் ஆல்டரும் வெயின்ரைட்டும் கணினியில் காட்டினார்கள். ப = 0.494 உள்ள திரவமும் 0.545 உள்ள படிகமும் ஒன்றாக நிற்கும். படிகத்தில் ஒவ்வொரு கோளத்துக்கும் அசைய அதிக இடம் கிடைப்பதால் என்ட்ரோபியே அதைத் தூண்டுகிறது. 1986-இல் பியூசியும் வான் மெகனும் பிளாஸ்டிக் நுண்கோளக் கூழ்மங்களில் இதைக் கண்ணால் காணச் செய்தார்கள்.

பெர்க்கஸ்-யெவிக் திசை பார்க்காத சீரான பாய்மத்தை மட்டுமே விவரிக்கிறது. படிகம் அதன் கண்ணில் படாது. கோளங்களை அடைக்கக்கூடிய உச்ச அளவான 0.74-ஐத் தாண்டியும் அது கூசாமல் விடை தரும். கார்னஹன்-ஸ்டார்லிங்கும் அப்படியே. உறைதலை ஊகிக்க ஹான்சன்-வெர்லே விதி கைகொடுக்கும்: கட்டமைப்புக் காரணியின் முதல் உச்சி 2.85-ஐ எட்டும்போது எளிய திரவம் உறையத் தயார்.

மாறுநிலைப் புள்ளி பக்கம் போனா எந்த மாதிரியும் ஒத்துவரல. ஏன்?

மாறுநிலைப் புள்ளி என்பது திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையிலான வேறுபாடு மறையும் இடம். ஆர்கானுக்கு அது 150.7 கெல்வின், 4.86 மெகாபாஸ்கல். அங்கே அமுக்கத்தகவு கட்டின்றி வளர்கிறது. மும்மைப் புள்ளி அருகே சுழிய அலையெண்ணில் கட்டமைப்புக் காரணி 0.05 அளவுதான். மாறுநிலையில் அது முடிவிலிக்குப் போகிறது. ஜி-யின் வால் பல நூறு ஆங்ஸ்ட்ராம் நீளும், திரவம் பால்போல் வெளுக்கும். ஆர்ன்ஸ்டைனும் செர்னிகேயும் சமன்பாட்டை எழுதியதே இந்த வெண்மையை விளக்கத்தான். ஆனால் அவர்களின் கோட்பாட்டில் தொடர்பு நீளம் வளரும் அடுக்கு 0.5. முப்பரிமாணத்தில் உண்மை மதிப்பு 0.63.

சிமுலேஷனிலும் இதே சிக்கல். தொடர்பு நீளம் பெட்டியை எட்டிய நொடியில் விடை பெட்டியின் அளவைச் சொல்லும், பாய்மத்தைச் சொல்லாது. குறைந்தது மூன்று பெட்டி அளவுகளில் ஓட்டி, விடை எப்படி நகர்கிறது என்று பார்த்து நீட்டிக் கணிக்க வேண்டும். அணு எண்ணிக்கை மாறாத பெட்டியில் ஜி-யின் வாலைத் தொகையிட்டு அமுக்கத்தகவை எடுக்காதீர்கள். முழுப் பெட்டிக்கும் தொகையிட்டால் அடர்த்தி என்னவாக இருந்தாலும் −1தான் வரும். எண்ணிக்கை ஏறி இறங்க அனுமதிக்கும் மாண்டே கார்லோ முறையில் அந்த ஏற்ற இறக்கத்தையே அளந்து கணக்கிடுவது பாதுகாப்பான வழி.